அமெரிக்கக் கல்லூரியில் பெண்கள் கூடைப்பந்து ஹெட் கோச் ஆவது எப்படி: பேப்பர், பணம், நேரம்

வேலை விளம்பரத்தில் பட்டம், சில ஆண்டு அனுபவம், ஓட்டுநர் உரிமம் என்று மூன்று வரிதான் இருக்கும். அதை நம்பி விண்ணப்பித்தால் பதிலே வராது, ஏன் வரவில்லை என்றும் யாரும் சொல்ல மாட்டார்கள். நான் கிராஜுவேட் அசிஸ்டென்ட்டாக (மாஸ்டர்ஸ் படித்துக்கொண்டே அணியில் வேலை பார்ப்பவர்) நுழைந்து, பகுதிநேர அசிஸ்டென்ட், முழுநேர அசிஸ்டென்ட் என்று சிறிய கல்லூரிகளையே சுற்றி, இப்போது டிவிஷன் 3இல் ஒரு அணிக்கு ஹெட் கோச்சாக இருக்கிறேன். இந்தியாவிலிருந்து மாஸ்டர்ஸுக்கு வந்து இந்தத் தொழிலைப் பிடிக்க நினைப்பவர்களும், இங்கேயே வளர்ந்து பள்ளி, கல்லூரி அணிகளில் ஆடிய நம் பிள்ளைகளும் அதே கேள்விகளைத் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். அதனால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதிவிடுகிறேன். குடியுரிமையோ கிரீன் கார்டோ இருப்பவர்கள் 3ஆம் படியைத் தாண்டிப் போகலாம்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆட்டம் தெரிந்தவர்களுக்கு இங்கே பஞ்சமில்லை. வீராங்கனைகளைக் கொண்டுவரத் தெரிந்தவருக்கும், ஏதாவது ஒரு பொறுப்பைத் தனியாகச் சுமந்து காட்டியவருக்கும்தான் ஹெட் கோச் நாற்காலி கிடைக்கிறது. பெரிய பெயர் உள்ள கல்லூரியின் டி-ஷர்ட் போட்டுக்கொண்டு பின்வரிசையில் உட்கார்ந்திருப்பதா, பெயர் தெரியாத கல்லூரியில் பாதி வேலையைத் தானே செய்வதா என்ற கேள்வி பலமுறை வரும். இரண்டாவதை எடுங்கள் என்பதுதான் என் கருத்து.

1. எந்த மட்டம் என்று முதலில் புரிந்துகொள்ளுங்கள்

கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் என்.சி.ஏ.ஏ. என்ற அமைப்பின் கீழ் மூன்று பிரிவுகள் இருக்கின்றன. டிவிஷன் 1இல் மட்டும் 350க்கும் மேற்பட்ட பெண்கள் அணிகள். தொலைக்காட்சியில் நீங்கள் பார்ப்பது அவற்றில் மேல்தட்டில் இருக்கும் சில டஜன் அணிகளைத்தான். டிவிஷன் 2இல் ஓர் அணிக்கு 10 முழு ஸ்காலர்ஷிப்புக்குச் சமமான பணம் வரை கொடுக்கலாம், அதைப் பலருக்குப் பிரித்தும் கொடுப்பார்கள். டிவிஷன் 3இல் விளையாட்டுக்கென்று ஸ்காலர்ஷிப்பே கிடையாது. இவை தவிர என்.ஏ.ஐ.ஏ. என்ற தனி அமைப்பில் இருக்கும் சிறிய கல்லூரிகள், ஜூக்கோ என்று எல்லாரும் சொல்லும் இரண்டாண்டுக் கல்லூரிகள்.

கோச்சின் வேலையும் மட்டத்துக்கு மட்டம் மாறும். டிவிஷன் 1இல் வீடியோவுக்கு ஒருவர், பயண ஏற்பாட்டுக்கு ஒருவர், உடற்பயிற்சிக்கு ஒருவர் என்று ஆள் இருப்பார்கள். டிவிஷன் 3இல் நீங்களே வேனை ஓட்ட வேண்டியிருக்கும், ஜெர்சியைத் துவைக்கப் போட வேண்டியிருக்கும், கூடவே ஒரு உடற்கல்வி வகுப்பும் எடுக்கச் சொல்வார்கள். விளம்பரத்தில் "பிற பணிகள்" என்று ஒரு வரி இருந்தால் அது என்ன என்று கேட்டுவிடுங்கள். அந்த ஒரு வரிக்குள் வாரத்துக்கு 15 மணிநேர வேலை ஒளிந்திருக்கலாம்.

கீழ் மட்டத்தில் ஆரம்பித்தால் அங்கேயே தங்கிவிடுவோமோ என்ற பயம் எல்லாருக்கும் உண்டு. லிசா ப்ளூடர் 1984இல் செயின்ட் ஆம்ப்ரோஸ் என்ற என்.ஏ.ஐ.ஏ. கல்லூரியில் ஹெட் கோச்சாகத் தொடங்கினார். 1990இல் ட்ரேக், 2000இல் அயோவா. கார்லா பெருபே டிவிஷன் 3இல் இருக்கும் டஃப்ட்ஸில் 2002 முதல் இருந்து, 2019இல் டிவிஷன் 1இல் இருக்கும் பிரின்ஸ்டனுக்குப் போனார். காரா லாசன் மாதிரி, கல்லூரியில் கோச்சிங்கே செய்யாமல் 2020இல் நேராக டியூக்கின் ஹெட் கோச் ஆனவர்களும் இருக்கிறார்கள். ஆனால் அவர் ஒலிம்பிக் தங்கம் வாங்கியவர், பெண்களின் தொழில்முறை லீகான டபிள்யூ.என்.பி.ஏ.வில் பல ஆண்டுகள் ஆடியவர், ஆண்களின் என்.பி.ஏ. அணியான பாஸ்டன் செல்டிக்ஸில் அசிஸ்டென்ட்டாக இருந்தவர். உங்களிடம் ஒலிம்பிக் பதக்கம் இருந்தால் இந்தக் கட்டுரையை மூடிவிட்டுப் போகலாம்.

2. படிப்பு: சொந்தக் காசில் மாஸ்டர்ஸ் படிக்காதீர்கள்

பேச்சலர்ஸ் கட்டாயம். என்ன பாடம் என்பதை யாரும் பெரிதாகப் பார்ப்பதில்லை. மாஸ்டர்ஸ் "இருந்தால் நல்லது" என்றுதான் பெரும்பாலும் போடுவார்கள், ஆனால் கூட விண்ணப்பிக்கிறவர்களில் பெரும்பாலோரிடம் அது இருக்கும், ஆகவே உங்களிடமும் இருக்க வேண்டும்.

இதில் பெரிய பொறி என்னவென்றால், ஸ்போர்ட் மேனேஜ்மென்ட் மாஸ்டர்ஸுக்கு முழுக் கட்டணம் கட்டிச் சேர்ந்துவிட்டு, அப்புறம் அணியில் இடம் தேடுவது. வரிசையைத் திருப்புங்கள். முதலில் கிராஜுவேட் அசிஸ்டென்ட், அதாவது ஜி.ஏ. பதவியைப் பிடியுங்கள். அந்தப் பதவியோடு கல்விக் கட்டண விலக்கு வரும், அதை வைத்து அந்தக் கல்லூரியில் இருக்கும் படிப்பில் சேருங்கள். கோச்சிங் வேலைக்கு எடுக்கிறவர் உங்கள் மாஸ்டர்ஸ் எந்தத் துறை என்று கேட்டு நான் பார்த்ததில்லை. விசா தேவைப்படுகிறவர்களுக்கு மட்டும் துறை முக்கியம், அது அடுத்த படியில்.

இந்தியப் பட்டம் வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டியது: மூன்றாண்டு பி.ஏ., பி.எஸ்சி., பி.காம். பட்டத்தைச் சில பல்கலைக்கழகங்கள் முழுப் பேச்சலர்ஸாக ஏற்பதில்லை. கோச்சிடம் பேசி முடித்து, அவரும் சரி என்று சொன்ன பிறகு அட்மிஷன் அலுவலகம் கைவிரித்தால் அந்த ஆண்டே போயிற்று. ஆகவே கோச்சுக்கு மெயில் அனுப்பும் அதே வாரத்தில் அட்மிஷனுக்கும் ஒரு மெயில் போடுங்கள். மதிப்பெண் பட்டியலை மதிப்பிட்டு வாங்க 200 டாலர் அளவில் ஆகும், உங்கள் பல்கலைக்கழகம் உறையில் முத்திரை வைத்து அனுப்புவதற்குள் மாதங்கள்கூட ஓடிவிடும். இதை எல்லாவற்றுக்கும் முன்னால் ஆரம்பித்துவிடுங்கள்.

3. விசா: எல்லாக் கணக்கையும் மாற்றுவது இதுதான்

எஃப்-1 மாணவர் விசாவுக்குச் செவிஸ் என்ற மாணவர் பதிவுக் கட்டணம் 350 டாலர், விசா விண்ணப்பக் கட்டணம் 185 டாலர். இது சுலபமான பகுதி.

எஃப்-1இல் இருக்கும்போது, வகுப்புகள் நடக்கும் காலத்தில் வளாகத்துக்குள் வாரத்துக்கு 20 மணிநேரம்தான் வேலை பார்க்கலாம். ஜி.ஏ. வேலை சீசனில் 20 மணிநேரத்தில் அடங்குவது கஷ்டம். வெளியூர் ஆட்டம், பேருந்துப் பயணம், நள்ளிரவு வீடியோ எல்லாம் சேரும்போது எதை எப்படிக் கணக்கிடுவது என்பதைச் சர்வதேச மாணவர் அலுவலகத்தில் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஹெட் கோச் "அதெல்லாம் பிரச்சினை இல்லை" என்பார். அவருக்குப் பிரச்சினை இல்லைதான்.

இன்னொரு பொறி: கோடைக்காலத்தில் எல்லாக் கோச்சுகளும் கேம்ப் நடத்தியும் தனிப்பயிற்சி கொடுத்தும் சம்பாதிப்பார்கள். உங்களையும் கூப்பிடுவார்கள். வளாகத்துக்கு வெளியே அனுமதியில்லாமல் கைநீட்டிக் காசு வாங்கினால் உங்கள் எஃப்-1 நிலையே போய்விடும். கல்லூரியே நடத்தும் கேம்ப் என்றாலும் சம்பளத்தை யார் கொடுக்கிறார்கள் என்று பாருங்கள், பல கேம்ப்கள் ஹெட் கோச்சின் சொந்த நிறுவனத்தின் பெயரில் நடக்கும்.

படிப்பு முடிந்ததும் ஓ.பி.டி. என்ற 12 மாத வேலை அனுமதி. படிப்பு முடியும் தேதிக்கு 90 நாள் முன்பிருந்து 60 நாள் பின்பு வரை விண்ணப்பிக்கலாம். அனுமதி தொடங்கும் தேதியை நீங்களே, படிப்பு முடிந்த 60 நாளுக்குள் ஒன்றாகத் தேர்ந்தெடுக்கலாம். மே நடுவில் பட்டம் வாங்குகிறீர்கள் என்றால் தேதியை ஜூலைக்குத் தள்ளி வையுங்கள். ஏனென்றால் அசிஸ்டென்ட் வேலைகள் ஜூன், ஜூலையில்தான் நிரம்பும், ஓ.பி.டி. தொடங்கிய பிறகு மொத்தம் 90 நாள்தான் வேலையில்லாமல் இருக்கலாம். சம்பளம் இல்லாத அசிஸ்டென்ட் வேலைகூட, வாரத்துக்கு 20 மணிநேரமும் அதற்கு மேலும் இருந்து, உங்கள் படிப்போடு தொடர்புள்ளதாக இருந்தால் வேலையாகக் கணக்கில் வரும். கல்லூரியிடம் கடிதம் வாங்கிக் கோப்பில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஸ்டெம் (அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம்) பட்டியலில் இருக்கும் படிப்பாக இருந்தால் இன்னும் 24 மாதம் கிடைக்கும், ஆனால் அந்தக் காலத்தில் சம்பளமில்லா வேலை எடுபடாது. ஸ்போர்ட் மேனேஜ்மென்ட் பொதுவாக அந்தப் பட்டியலில் வராது. எக்சர்சைஸ் ஃபிசியாலஜி வரும், டேட்டா அனலிட்டிக்ஸ் படிப்புகள் பலவும் வரும். பெயரை நம்பாதீர்கள், கல்லூரி தரும் ஐ-20 படிவத்தில் அச்சாகும் குறியீட்டு எண்ணைப் பாருங்கள். ஜி.ஏ. பதவியோடு எந்தப் படிப்பில் சேர்வது என்று முடிவெடுக்க விசா தேவைப்படுகிறவருக்கு இது ஒன்றே போதும்.

அதற்கப்புறம் எச்-1பி என்ற வேலை விசா. பல்கலைக்கழகங்கள் குலுக்கலுக்குள் வராது, எப்போது வேண்டுமானாலும் விண்ணப்பிக்கலாம் என்பது நல்ல செய்தி. கெட்ட செய்தி இரண்டு. கோச் வேலைக்குக் குறிப்பிட்ட துறையில் பட்டம் தேவை என்று நிரூபிப்பது கஷ்டம், அதனால் சட்ட அலுவலகமே தயங்கும். அடுத்தது, 2025 செப்டம்பரில் வந்த அறிவிப்பின்படி, அமெரிக்காவுக்கு வெளியே இருப்பவருக்காகப் புதிதாக எச்-1பி கேட்டால் 1 லட்சம் டாலர் கட்ட வேண்டும். எந்தச் சிறிய கல்லூரியும் அதைக் கட்டாது. இங்கே மாணவராக இருக்கும்போதே நிலையை மாற்றிக்கொள்வதுதான் நடைமுறையில் இருக்கும் வழி, அந்தச் சமயத்தில் ஊருக்குப் போய்வரும் டிக்கெட் போடுவதற்கு முன் வக்கீலிடம் கேளுங்கள். ஸ்பான்சர் செய்வீர்களா என்ற கேள்வியை, முதல் தொலைபேசிப் பேச்சு முடிந்து வளாகத்துக்கு அழைப்பதற்கு முன் மனிதவளத் துறையிடம் கேட்டுவிடுங்கள்.

4. முதல் வேலை: ஜி.ஏ.

ஜி.ஏ. என்று ஒரே பெயரில் இரண்டு வேறு வேலைகள் இருக்கின்றன. டிவிஷன் 1இல் அது பெரும்பாலும் மேனேஜர் வேலை. வீடியோ வெட்டுவது, பயிற்சியில் நம் பெண்களுக்கு எதிராக ஆட வரும் ஆண் மாணவர்களை வாட்ஸ்அப்பில் துரத்திப் பிடிப்பது, பந்து எடுத்துப் போடுவது, ஹோட்டல் சாப்பாடு. டிவிஷன் 2, 3, என்.ஏ.ஐ.ஏ.வில் ஜி.ஏ. உண்மையிலேயே கோச்சிங் செய்வார். எதிரணியை அலசும் ஸ்கவுட்டிங் ரிப்போர்ட் எழுதுவார், கார்டு நிலையில் ஆடுகிறவர்களின் பயிற்சியை நடத்துவார், ரெக்ரூட்டிங்குக்கு, அதாவது அணிக்குப் புதிய வீராங்கனைகளைத் தேடிப் போவார். ரெஸ்யூமேயில் இரண்டுக்கும் ஒரே பெயர்தான், நேர்காணலில் பத்து நிமிடத்தில் வித்தியாசம் தெரிந்துவிடும்.

ஜி.ஏ. ஸ்டைபெண்ட் நான் பார்த்த அளவில் ஆண்டுக்கு 8,000 முதல் 15,000 டாலருக்குள். கேட்க வேண்டிய கேள்விகள்: கட்டண விலக்கு முழுதா பாதியா? மாணவர் ஃபீஸ் என்று தனியாக வருவதையும் சேர்த்தா? மருத்துவக் காப்பீடு யார் கட்டுவது? தங்குமிடம், மெஸ் கார்டு உண்டா? ஸ்டைபெண்ட் 10 மாதமா 12 மாதமா? கடைசிக் கேள்வியை விட்டுவிடாதீர்கள். ஜூன், ஜூலையில் பணம் வராது, ஆனால் கேம்ப் நடத்த ஆள் வேண்டும் என்று உங்களை ஊரில் இருக்கச் சொல்வார்கள்.

இந்தியாவிலிருந்து வருகிறவர்கள் ஃபீபா என்ற சர்வதேசக் கூடைப்பந்துச் சங்கத்தின் விதிகளோடு பழகியிருப்பீர்கள். இங்கே கல்லூரிப் பெண்கள் ஆட்டத்தில் ஷாட் கிளாக், அதாவது கூடையை நோக்கி எறிய அணிக்கு இருக்கும் நேரம், 30 வினாடி, 24 இல்லை. பந்து உங்கள் அணியின் கையில் ஓடிக்கொண்டிருக்கும்போதே வீராங்கனை டைம்-அவுட் கேட்கலாம். சின்ன விஷயங்கள்தான், ஆனால் கடைசி ஒரு நிமிட ஆட்டத்தைத் திட்டமிடும்போது எல்லாம் மாறிவிடும். விதிப் புத்தகத்தை ஒருமுறை முழுதாகப் படித்துவிட்டு வாருங்கள்.

5. கோப்பில் என்னென்ன இருக்க வேண்டும்

ஒரே ஃபோல்டரில் இவற்றை எப்போதும் தயாராக வைத்திருங்கள்: இரண்டு பக்க ரெஸ்யூமே, ஒரு கவர் லெட்டர் மாதிரி, 3 முதல் 5 ரெஃபரன்ஸ் பெயர்கள், பட்டச் சான்றுகள், முதலுதவி மற்றும் சி.பி.ஆர். சான்றிதழ், ஓட்டுநர் உரிமமும் அதன் பதிவேட்டு நகலும். கடைசியதைப் பார்த்துச் சிரிக்காதீர்கள். அணியை வேனில் கொண்டுபோகிற கல்லூரிகள் உங்கள் ஓட்டுநர் பதிவேட்டைச் சரிபார்க்கும், சில இடங்களில் வாடகை வேனுக்கு 25 வயது ஆகியிருக்க வேண்டும். சிறிய கல்லூரியில் ஓட்டத் தெரியாத அசிஸ்டென்ட் பாதி அசிஸ்டென்ட்தான்.

இவற்றோடு உங்கள் வேலையைக் காட்டும் மூன்று பொருள்கள் வேண்டும். நீங்களே எழுதிய ஒரு ஸ்கவுட்டிங் ரிப்போர்ட். ஐந்து நிமிட வீடியோ தொகுப்பு, ஒரே அணியின் பிக்-அண்ட்-ரோல் தற்காப்பு மாதிரி ஏதாவது குறுகிய தலைப்பில். ஒரு வீராங்கனையின் ஆறு வாரப் பயிற்சித் திட்டம். சினெர்ஜி, ஹடில், ஃபாஸ்ட்மாடல் என்ற மென்பொருள்களைக் கையாளத் தெரிந்திருந்தால் ஜி.ஏ. வேலைக்குப் பாதி நேர்காணல் முடிந்த மாதிரி. கோச்சிங் தத்துவம் என்று மூன்று பக்கம் எழுதி அனுப்புகிறார்கள். யாரும் படிப்பதில்லை, ஒரு பக்கம் போதும்.

பள்ளி மாணவிகள் ஆடும் கிளப் அணிகளில் பகுதிநேரமாகக் கோச்சிங் செய்ய நினைத்தால், என்.சி.ஏ.ஏ. சான்றளித்த போட்டிகளில் பெஞ்சில் உட்கார யு.எஸ்.ஏ. பாஸ்கெட்பாலின் கோல்டு லைசென்ஸ் வேண்டும். பின்னணிச் சரிபார்ப்பும் சேஃப்ஸ்போர்ட் என்ற பாதுகாப்புப் பயிற்சியும் அதில் அடக்கம். ஆனால் ஒன்று: நீங்கள் பயிற்சி கொடுத்த பள்ளி மாணவியை ஒரு டிவிஷன் 1 கல்லூரி எடுத்தால், அதே கல்லூரி உங்களைக் கோச்சிங் அல்லாத பதவிகளில் அமர்த்தத் தடை வரலாம். ஆளையும் வேலையையும் ஒரே பொட்டலமாக விற்பதைத் தடுக்க வைத்த விதி. வேலையை ஒப்புக்கொள்வதற்கு முன் அந்தக் கல்லூரியில் விதிகளைக் கவனிக்கும் காம்ப்ளையன்ஸ் அலுவலகத்தில் கேளுங்கள்.

6. நேரம்: மார்ச் முதல் ஜூலை வரை

இந்தத் தொழிலில் வேலை மாற்றம் எல்லாம் சீசன் முடிந்த கையோடு நடக்கிறது. மார்ச் முதல் வாரத்தில் கான்ஃபரன்ஸ் (கல்லூரிகளின் குழு) போட்டிகள் முடிய முடிய ஹெட் கோச்சுகளை நீக்கும் செய்தி வரத் தொடங்கும். மார்ச் கடைசி, ஏப்ரலில் புதியவர்களை நியமிப்பார்கள். புதிய ஹெட் கோச் தன் அசிஸ்டென்ட்டுகளை ஏப்ரல், மேயில் எடுப்பார். அந்த அசிஸ்டென்ட்டுகள் விட்டு வந்த இடங்கள் ஜூனில் காலியாகும். ஜி.ஏ. இடங்கள் கடைசியில், சில சமயம் ஆகஸ்டில்கூட.

விளம்பரங்களை என்.சி.ஏ.ஏ. மார்க்கெட், ஹூப்டர்ட், ஹயர்எட்ஜாப்ஸ் ஆகிய தளங்களில் பார்க்கலாம். ஆனால் விளம்பரம் வரும்போது பெரும்பாலும் ஆள் யார் என்று மனதில் முடிவாகியிருக்கும். அரசுப் பல்கலைக்கழகங்கள் சட்டத்துக்காகச் சில நாள் விளம்பரம் போட்டே ஆக வேண்டும். அதனால் முகம் தெரிந்திருக்க வேண்டிய இடம் டபிள்யூ.பி.சி.ஏ. மாநாடு. பெண்கள் கூடைப்பந்துக் கோச்சுகளின் இந்தச் சங்கம் ஒவ்வோர் ஆண்டும், தேசியப் போட்டியின் கடைசி நாலு அணிகள் மோதும் ஃபைனல் ஃபோர் நடக்கும் ஊரிலேயே, அதே நாட்களில் மாநாடு வைக்கும். 2027இல் கொலம்பஸ், 2028இல் இண்டியானாபொலிஸ். உறுப்பினர் கட்டணம், மாநாட்டுக் கட்டணம், ஹோட்டல், விமானம் எல்லாம் சேர்ந்தால் ஆயிரம் டாலரைச் சுலபமாகத் தாண்டும், ஜி.ஏ.வுக்கு அது ஒரு மாதச் சம்பளம். நாலு பேராக அறையைப் பகிருங்கள், ஆறு மாதம் முன்பே முன்பதிவு செய்யுங்கள். மாநாட்டில் அரங்குப் பேச்சுகளைவிட ஹோட்டல் லாபியில் நிற்பதுதான் முக்கியம் என்று எல்லாரும் சொல்வார்கள், உண்மைதான். ஆனால் முன்பின் தெரியாமல் கைகுலுக்கி ரெஸ்யூமே நீட்டுவதால் ஒன்றும் ஆகாது. போவதற்கு ஒரு மாதம் முன்பே மெயில் எழுதி, பத்து நிமிடம் காபி குடிக்கலாமா என்று கேட்டு வைத்துவிட்டுப் போங்கள். அசிஸ்டென்ட்டுகள் பதில் போடுவார்கள், பெரிய ஹெட் கோச்சுகள் போட மாட்டார்கள், உங்களுக்கு வேண்டியதும் அசிஸ்டென்ட்டுகள்தான்.

நீங்கள் இப்போது கல்லூரி அணியில் கடைசி ஆண்டு ஆடுகிறவராக இருந்தால், அதே சங்கம் நடத்தும் "கோச் ஆக விரும்புகிறாயா" வகைப் பயிற்சித் திட்டத்துக்கு உங்கள் ஹெட் கோச்சைப் பரிந்துரைக்கச் சொல்லுங்கள். ஃபைனல் ஃபோர் நேரத்தில் நடக்கும், அங்கே கிடைக்கும் தொடர்புகள் பிறகு காசு கொடுத்தாலும் கிடைக்காது.

7. அசிஸ்டென்ட் ஆண்டுகள்: ரெக்ரூட்டிங்தான் உங்கள் மதிப்பெண் பட்டியல்

டிவிஷன் 1இல் வளாகத்துக்கு வெளியே போய் வீராங்கனைகளைப் பார்க்க, ஆண்டுதோறும் என்.சி.ஏ.ஏ.வின் ரெக்ரூட்டிங் தேர்வில் தேற வேண்டும். தேர்வு கஷ்டமில்லை, மறந்துவிடுவதுதான் ஆபத்து. எந்த நாட்களில் பேசலாம், எந்த நாட்களில் தூர நின்று பார்க்க மட்டும் செய்யலாம், எப்போது எதுவுமே கூடாது என்று ஆண்டு முழுதுக்கும் ஒரு காலண்டர் உண்டு, அது மாறிக்கொண்டே இருக்கும். அதை அச்சடித்துச் சுவரில் ஒட்டுங்கள்.

2023இல் டிவிஷன் 1 பெண்கள் அணிகளுக்கு அசிஸ்டென்ட் இடங்கள் 3இலிருந்து 5 ஆயின. ஆனால் அப்போது கூடிய 2 இடங்களுக்கு வெளியே போய் ரெக்ரூட் செய்யும் உரிமை தரப்படவில்லை. ஆகவே டிவிஷன் 1இல் அசிஸ்டென்ட் வேலை வந்தால் முதல் கேள்வி: "நான் சாலையில் போகலாமா?" போக முடியாது என்றால் சம்பளம் நன்றாக இருந்தாலும் யோசியுங்கள். சில ஆண்டுகள் கழித்து ஹெட் கோச் நேர்காணலில் "நீங்கள் கொண்டுவந்த வீராங்கனைகள் யார்" என்று கேட்பார்கள், சொல்ல ஒரு பெயர்கூட இருக்காது.

ஜூலை மாதம் முழுவதும் கிளப் போட்டிகள். ஒரே கூரையின் கீழ் இருபது கோர்ட், காலை எட்டு முதல் இரவு பத்து. உள்ளே நுழையும் கல்லூரிக் கோச்சுகளுக்கு வீராங்கனைகளின் விவரப் பட்டியல் என்று நூற்றுக்கணக்கான டாலருக்கு விற்பார்கள், அது கல்லூரி கட்டுவதா நீங்களா என்று முன்பே பேசுங்கள். சொந்தக் காரில் போனால் மைலுக்கு எவ்வளவு? வருமான வரித்துறையின் 2025ஆம் ஆண்டு விகிதம் 70 சென்ட், பல சிறிய கல்லூரிகள் அதைவிடக் குறைவாகத்தான் கொடுக்கும்.

இப்போது பாதி ரெக்ரூட்டிங் டிரான்ஸ்ஃபர் போர்ட்டலில் நடக்கிறது. ஏற்கெனவே ஒரு கல்லூரியில் ஆடும் பெண், இடம் மாற விரும்பினால் அதில் பெயரைப் போடுவாள். அது திறக்கும் வாரங்களில் தூக்கம் கிடையாது. டிவிஷன் 3இல் கதை வேறு. அங்கே நீங்கள் பேசுவது பெரும்பாலும் பெற்றோரிடம், பேச்சு முழுக்கக் கல்லூரிக் கட்டணம் பற்றி. நிதி உதவி அலுவலகத்தில் இருப்பவரோடு நல்ல பழக்கம் வைத்துக்கொள்ளும் அசிஸ்டென்ட்தான் அங்கே ஜெயிக்கிறார்.

யாரிடம் வேலை பார்க்கிறீர்கள் என்பதையும் யோசித்துத் தேர்ந்தெடுங்கள். ஜான் ஜென்சன் ப்ளூடரோடு ட்ரேக்கில் சேர்ந்து, அயோவாவில் 2000 முதல் அவர் பக்கத்திலேயே இருந்து, ப்ளூடர் 2024இல் ஓய்வு பெற்றதும் ஹெட் கோச் ஆனார். ஸ்டான்ஃபோர்டில் டாரா வான்டெர்வீருக்குப் பின் நெடுநாள் அசிஸ்டென்ட் கேட் பே வந்ததும் அதே ஆண்டுதான். இப்படிக் காத்திருப்பது, ஹெட் கோச் நிலையாக இருந்து, உங்களுக்குப் பொறுப்பும் கொடுத்தால் மட்டும் சரிவரும். ஹெட் கோச்சை நீக்கினால் அசிஸ்டென்ட்டுகள் எல்லாரும் சேர்ந்தே போக வேண்டியதுதான். சம்பளம் பல இடங்களில் ஜூன் 30 வரை வரும், பிறகு காப்பீட்டை முழுக் கட்டணத்தில் நீங்களே கட்டித் தொடர வேண்டும். மூன்று மாதச் செலவுக்கான பணம் வங்கியில் இல்லாமல் இந்தத் தொழிலில் இருக்காதீர்கள்.

சம்பளம் பற்றி ஒரு வார்த்தை. சவுத் கரோலைனாவின் டான் ஸ்டேலிக்கு 2025 ஜனவரியில் போட்ட ஒப்பந்தம் ஆண்டுக்கு 40 லட்சம் டாலரில் தொடங்குகிறது. டிவிஷன் 3 முழுநேர அசிஸ்டென்ட்டுக்கு நான் பார்த்த விளம்பரங்களில் 40,000 முதல் 50,000 டாலர், பகுதிநேரத்துக்குச் சில ஆயிரங்கள்தான். அரசுப் பல்கலைக்கழகச் சம்பளங்கள் பொது ஆவணம், பல மாநிலங்களில் இணையத்திலேயே தேடலாம். பேரம் பேசப் போகுமுன் உங்களுக்கு முன்னால் அந்த நாற்காலியில் இருந்தவருக்கு எவ்வளவு கொடுத்தார்கள் என்று பார்த்துவிட்டுப் போங்கள்.

8. ஹெட் கோச் நேர்காணல்

உங்களை எடுப்பவர் அத்லெட்டிக் டைரக்டர், சுருக்கமாக ஏ.டி. டிவிஷன் 1இல் இடையில் ஒரு தேடல் நிறுவனமும் இருக்கும். சிறிய கல்லூரியில் பேராசிரியர், அட்மிஷன் அதிகாரி, மாணவிகள் எல்லாரும் கொண்ட குழு ஒரு நாள் முழுக்க உங்களைச் சுற்றிக் கூட்டிக்கொண்டு போகும். மாணவிகளோடு உட்காரும் அந்த அரை மணிநேரம்தான் பலருக்குக் கவிழும் இடம். அவர்களிடம் திட்டத்தை விளக்காதீர்கள், கேள்வி கேளுங்கள்.

கையில் ஒரு சிறு தொகுப்பு கொண்டுபோங்கள். முதல் 100 நாளில் என்ன செய்வீர்கள், எந்தப் பகுதியிலிருந்து வீராங்கனைகளை எடுப்பீர்கள், உதவிக்கு யாரை அழைப்பீர்கள் (அவர்களிடம் முன்பே சம்மதம் கேட்டுவிடுங்கள்), படிப்பில் பின்தங்குகிறவர்களை எப்படிக் கவனிப்பீர்கள், இருக்கும் பட்ஜெட்டில் எதைக் கூட்டி எதைக் குறைப்பீர்கள். டிவிஷன் 1இல் ஏ.பி.ஆர். என்ற கல்வி அளவுகோல் உண்டு, 930க்குக் கீழே போனால் தண்டனை. அந்தக் கல்லூரியின் எண்ணைத் தெரிந்துகொள்ளாமல் அறைக்குள் நுழையாதீர்கள். 2025-26 முதல், என்.சி.ஏ.ஏ. மீது வீரர்கள் போட்ட ஹவுஸ் வழக்கின் சமரசத்தை ஏற்ற கல்லூரிகள் வீராங்கனைகளுக்கு நேரடியாகப் பணம் கொடுக்கலாம், அணியில் அதிகபட்சம் 15 பேர். அந்தப் பணத்தில் பெண்கள் கூடைப்பந்துக்கு எவ்வளவு என்று நீங்கள் ஏ.டி.யிடம் கேட்க வேண்டும். மழுப்பினால் பதில் கிடைத்துவிட்டது என்று அர்த்தம்.

9. ஒப்பந்தமும் முதல் வாரமும்

வேலை கிடைத்துவிட்டது என்ற சந்தோஷத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். விளையாட்டு ஒப்பந்தம் பார்த்துப் பழகிய வக்கீலிடம் காட்டுங்கள். சில நூறு, சில ஆயிரம் டாலர் செலவாகும், டிவிஷன் 3இல் ஓராண்டுக் கடிதம்தான் என்றாலும் காட்டுங்கள். பார்க்க வேண்டியவை: எத்தனை ஆண்டு, காரணமில்லாமல் நீக்கினால் எவ்வளவு கொடுப்பார்கள், நீங்கள் விலகினால் எவ்வளவு கட்ட வேண்டும், நீக்கிய பிறகு வேறு வேலை கிடைத்தால் அந்தச் சம்பளத்தைக் கழித்துக்கொள்வார்களா, "தகுந்த காரணம்" என்பதில் என்னென்ன சேர்த்திருக்கிறார்கள், அசிஸ்டென்ட்டுகளுக்கு மொத்தம் எவ்வளவு பணம். கடைசியதை வாய்மொழியாகச் சொன்னால் ஏற்காதீர்கள். 2023 ஜனவரி முதல், அசிஸ்டென்ட் செய்யும் விதிமீறலுக்கு ஹெட் கோச்சே நேரடிப் பொறுப்பு என்று என்.சி.ஏ.ஏ. விதியை இறுக்கிவிட்டது. "எனக்குத் தெரியாது" என்று சொல்லித் தப்பிக்க முடியாது. ஆகவே மலிவாகக் கிடைக்கிற ஆளை எடுக்கும் நிலைக்கு உங்களைத் தள்ளுகிற பட்ஜெட் ஆபத்தானது.

வீடு மாறும் செலவுக்குக் கல்லூரி கொடுக்கும் பணம் வரிக்கு உட்பட்ட வருமானம். 5,000 டாலர் என்று சொன்னால் கைக்கு 3,500 வரலாம். வரிக்கும் சேர்த்துத் தருவீர்களா என்று கேளுங்கள், பல சமயம் சரி என்பார்கள்.

அறிவிப்பு வெளியாகும் நாளிலேயே, முடிந்தால் அதற்கு ஒரு மணிநேரம் முன்பே, இருக்கும் வீராங்கனைகள் ஒவ்வொருவரையும் தொலைபேசியில் கூப்பிடுங்கள். கோச் மாறினால் அவர்களுக்கு வெளியேற வழி உண்டு, வேறு கல்லூரிகள் அதற்குள் வலை வீசத் தொடங்கியிருக்கும். அடுத்து, சேருவதாகச் சொல்லியிருக்கும் பள்ளி மாணவிகளின் வீடுகள். அப்புறம் பழைய அசிஸ்டென்ட்டுகள். வைத்துக்கொள்வதா இல்லையா என்பதை அந்த வாரத்துக்குள் சொல்லிவிடுங்கள், அவர்களும் வேலை தேடும் காலம் அதுதான். இவை முடிந்ததும் அலுவலகத்தில் அடுத்த சீசனின் வெளி ஆட்டங்களுக்கான ஒப்பந்தங்களைக் கேட்டு வாங்குங்கள். உங்களுக்கு முன்பிருந்தவர் கையெழுத்திட்டு வைத்திருப்பார், ரத்து செய்தால் அபராதம் எவ்வளவு என்று அதிலேயே இருக்கும். அதைப் படித்துவிட்டு அட்டவணையில் கை வையுங்கள்.